ஜெகதீஸ்வரியின்ர குளிர்காய்ச்சல்

ஜெகதீஸ்வரி சுழிபுரத்தில பிறந்தவள். அங்க வளவுக்கு வளவு ஓலை வேலி, ஆள் உயரத்துக்கும் மேல. ஒழுங்கையால ஆர் போறது எண்டு செருப்புச் சத்தத்திலதான் பிடிக்க வேணும். கிணத்தடியில குளிச்சாலும், அடிவளவுக்கு ஒதுங்கினாலும், ஒரு சீவன் காணாது. அப்பிடி வளந்த பெட்டையை ஐம்பத்தாறாம் ஆண்டு அப்புத்துரை கலியாணம் முடிச்சு வன்னியில உருத்திரபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். குடியேற்றத் திட்டத்தில அவனுக்கு மூண்டு ஏக்கர் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் கிடைச்சிருந்தது.

வண்டிலால இறங்கி நிண்டு சுத்திப் பாத்தாள். காடு வெட்டி எரிச்ச வெளி. தூரத்தில வாய்க்கால் கட்டில ஒருத்தன் சைக்கிளில போறான். அவன்ர சேட்டுப் பொத்தானை இஞ்ச நிண்டு எண்ணலாம் போல கிடந்தது.

"வேலி எங்க?" எண்டு கேட்டாள். அந்த மண்ணில நிண்டு அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வேலிக்கு என்ன அவசரம்? முதல் நெல்லைப் போடுவம்," எண்டான் அப்புத்துரை.

நெல்லுப் போட்டாச்சு. வீடு மேஞ்சாச்சு. கிணறு வெட்டியாச்சு. வேலி மட்டும் அடுத்த போகம், அடுத்த போகம் எண்டு தள்ளிக்கொண்டே போச்சுது. பனையில்லாத ஊரில ஓலைக்கு எங்க போறது எண்டு அவனும் ஒரு நியாயம் வைச்சிருந்தான்.

ஜெகதீஸ்வரி தன்ர பாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாள். விடியமுன்னம் ஒருக்கா ஒதுங்குவாள். பேந்து பொழுதுபட்டுக் கண்மண் தெரியாத நேரம்தான். நடுவில ஒண்டும் இல்லை. அதுக்காக தண்ணியையும் விட்டிட்டாள். காலமை ஒரு மிடறு தேத்தண்ணி, மத்தியானம் சோத்தோட ரெண்டு மிடறு தண்ணி, அவ்வளவுதான். சிறுபோகத்தில சோளகக் காத்து உடம்பில இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சி எடுக்கும். அந்த வெக்கைக்குள்ள குனிஞ்சு நிண்டு களை பிடுங்கேக்கையும் முட்டித் தண்ணியைத் தொடமாட்டாள்.

பக்கத்துக் காணி கமலாசனி பழைய வன்னிச் சனம். வாய் கொஞ்சம் நீளம். அவவும் மற்றப் பெண்டுகளும் வயலில ஒதுங்கிற அந்தரம் வந்தா ஒரு வேலை செய்வினம். நாலைஞ்சு பேர் முதுகைக் காட்டி வட்டமா நிண்டு, சீலைத் தலைப்பை விரிச்சுப் பிடிச்சு, ஊர்ப் புதினம் கதைச்சுக்கொண்டு நிப்பினம். உள்ளுக்கு ஒருத்தி இருந்து எழும்புவாள். பிறகு மற்றவள்.

"வாவன் பிள்ளை. உனக்கும் மறைக்கிறம்."

"எனக்கு வரேல்லை அக்கா."

"எப்ப கேட்டாலும் வரேல்லை. எடி, உன்ர வயித்துக்குள்ள என்ன, இரணைமடுக் குளமே கிடக்கு? குளத்துப் பொறியியலாளர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்து வான்கதவைத் திறக்கச் சொல்லவோ?"

பெண்டுகள் எல்லாரும் வயலுக்குள்ள விழுந்து சிரிச்சினம். ஜெகதீஸ்வரியும் சிரிச்சாள். உள்ளுக்குள்ள அவளுக்கு அது பெருமைதான். தான் மரியாதையான இடத்தில பிறந்தவள், மாடு மாதிரி வெளியில நிக்கேலாது எண்ட நினைப்பு.

கலியாணம் முடிச்சு ரெண்டாம் வருசம் வயித்தில ஒண்டு தங்கிச்சுது. நாலாம் மாசம் திடீரெண்டு குளிர்காய்ச்சல். பல்லுக் கிட்டிக் கட்டில் ஆடுற நடுக்கம். வன்னியில குளிர்காய்ச்சல் எண்டா ஒருத்தரும் வேற ஒண்டையும் யோசிக்கிறேல்லை. மலேரியாதான். ஒவ்வொரு வீட்டிலையும் கொயினாக் குளிசைப் போத்தல் இருக்கும். அப்புத்துரை குளிசை குடுத்தான், ரெண்டு சாக்கால போத்துவிட்டான். காய்ச்சல் விட்டுது. நாலு நாளையால பிள்ளையும் போச்சுது.

அதுக்குப் பிறகு அவளுக்குக் குளிர்காய்ச்சல் எண்ட சொல்லைக் கேட்டாலே நெஞ்சு அடிக்கும். காத்துக் கொஞ்சம் குளிரா வீசினா உடன கையை நெத்தியில வைச்சுப் பாப்பாள்.

அறுபதாம் ஆண்டு திரும்பத் தங்கிச்சுது. இந்த முறை ஆறாம் மாசம் வரைக்கும் வந்திட்டுது. பிள்ளை வயித்துக்குள்ள துள்ளும். களை பிடுங்கேக்க உதைச்சா, ஜெகதீஸ்வரி நிமிந்து நிண்டு இடுப்பில கையை வைச்சு, "பொறு மோனை, இந்த வரம்பு முடியட்டும்," எண்டு சொல்லுவாள்.

ஆனி மாசம் அவளுக்குச் சலம் போகேக்க எரியத் தொடங்கிச்சுது. முதல் சும்மா ஒரு கடுப்பு. பிறகு ஊசி குத்தினமாதிரி. போயிட்டு எழும்பினா உடன திரும்பப் போகவேணும் போல இருக்கும், இருந்தா நாலு சொட்டுத்தான் வரும். ஒரு நாள் பாத்தா இறைச்சி கழுவின தண்ணி மாதிரி இருந்துது. வெக்கை எண்டு நினைச்சு வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சாள். ஒருத்தருக்கும் மூச்சுவிடேல்லை. இதை எப்பிடி ஒருத்தருக்குச் சொல்லுறது? எரிவுக்குப் பயந்து இன்னும் கூட அடக்கினாள். போனா எரியும், போகாட்டி எரியாது. அவளின்ர கணக்கு அது.

மாசம் முடியேக்க வந்துது நடுக்கம்.

குசினிக்குள்ள உலை வைச்சுக்கொண்டு இருந்தவள். கையில இருந்த அகப்பை கடகடவெண்டு சட்டியில அடிச்சுது. நிப்பாட்ட ஏலாமக் கிடந்துது. அப்பிடியே அடுப்படியில குந்திட்டாள். அவளுக்கு வந்த முதல் நினைப்பு, "நாலு நாள்" எண்டதுதான். போன முறை நாலு நாள். இண்டைக்கு ஒண்டு.

"இஞ்சாரும், என்ன செய்யுது உமக்கு?" எண்டு ஓடி வந்த அப்புத்துரை நெத்தியைத் தொட்டுப் பாத்திட்டு அலுமாரிக்குப் போனான். போத்தல் கிலுங்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுது.

"எனக்கு வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதையும். எனக்கு எட்டுத்தரம் வந்து உந்தக் குளிசையிலதான் தப்பினனான்."

"உங்கட வயித்தில பிள்ளை இருந்ததோ?"

 அவன் குளிசையை அவளின்ர உள்ளங்கையில வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டான். அவள் வாயில போட்டாள், தண்ணி குடிச்சாள், அவன் அங்கால திரும்பேக்க குளிசையை வாயில இருந்து எடுத்துச் சீலை மடிப்புக்குள்ள செருகினாள். கைப்பு மட்டும் நாக்கில நிண்டுது. குளிசை எடுத்தா பிள்ளை போகும், எடுக்காட்டிக் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டு போகும். ரெண்டு பக்கத்தாலையும் வழி அடைபட்டுப் போச்சுது எண்டு நினைச்சு நினைச்சுக் கிடந்தாள், அழுகையும் வரேல்லை.

மலேரியாக்காரர் வந்து விரலில குத்திக் கண்ணாடித் துண்டில ரத்தம் எடுத்துக்கொண்டு போச்சினம். அடுத்த நாள் ஆள் வந்து, "ரத்தத்தில மலேரியா இல்லை," எண்டு சொல்லிப்போட்டுப் போனான்.

"கண்ணாடியைப் பாத்து அவனுக்கு என்ன விளங்கும்?" எண்டான் அப்புத்துரை. ஆனாலும் அவன்ர முகமும் கறுத்திட்டுது. வண்டிலைப் பூட்டி அவளை டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனான்.

அங்க வைத்தியம் பாக்கிற அப்போதிக்கரி ஐயா இளையதம்பி நல்ல மனுசன். ஆனா அவர் இருக்கிற மேசைக்கும் வாங்கில இருக்கிற சனத்துக்கும் நடுவில ஒரு மறைப்பும் இல்லை. வாங்கில எட்டு ஆம்பிளையள். அதில ஒருத்தன் இவையின்ர வயல் வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கிறவன்.

"எத்தினை நாளாக் காய்ச்சல்?"

"மூண்டு நாள் ஐயா. குளிர்காய்ச்சல்," எண்டான் அப்புத்துரை.

"உம்மையே கேட்டனான்? பிள்ளை, நீர் சொல்லும். நாரி, இடுப்புப் பக்கம் நோகுதோ?"

"கொஞ்சம்."

"சலம் எப்பிடி? எரிவு கிரிவு இருக்கோ?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாங்கில இருந்த எட்டுப் பேரும் கதையை நிப்பாட்டினமாதிரி அவளுக்கு இருந்துது. உண்மையில நிப்பாட்டினவையோ என்னவோ. 

"இல்லை ஐயா. நல்லாப் போகுது."

அவர் ஒருக்கா அவளைப் பாத்தார். பேந்து காய்ச்சல் மருந்து ஒரு போத்தல் எழுதினார். "ரெண்டு நாளில விடாட்டித் திரும்ப வரவேணும்," எண்டார்.

அஞ்சாம் நாள் காலமை. வலப்பக்க விலாவுக்குக் கீழ நோ, கோடாலியால பிளந்தமாதிரி. அது முதுகில தொடங்கி அடிவயித்துக்கு இறங்கும், பிறகு விடும், பிறகு இறங்கும். பிள்ளை வரப்போற நோ எண்டு நினைச்சுக் கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தாள். அப்பதான் அவளுக்கு அது உறைச்சுது. விடிஞ்சதில இருந்து பிள்ளை துடிக்கேல்லை.

வயித்தைத் தட்டினாள். "மோனை," எண்டாள். இடப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். வலப்பக்கம் திரும்ப நோ விடேல்லை. ஒண்டும் இல்லை.

கமலாசனி கஞ்சியோட வந்தவ. ஜெகதீஸ்வரி அவவின்ர கையை எட்டிப் பிடிச்சாள். கஞ்சி பாயில ஊத்துண்டுது.

"அக்கா, எனக்கு ஒரு மாசமாச் சலம் எரியுது. ரத்தமும் போனது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்போதிக்கரிக்கும் பொய் சொன்னனான். பிள்ளை துடிக்கேல்லை அக்கா."

கமலாசனி நெத்தியில அடிச்சா. "எடி பாவி! கேக்கிறவனுக்குச் சொல்லாம, கஞ்சி கொண்டு வாற எனக்குச் சொல்லி நான் என்னடி செய்ய?" எண்டவ, அப்பிடியே முற்றத்தில இறங்கினா. "டேய் அப்புத்துரை! மலேரியாவும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. இவளுக்குச் சலவழி பழுதடா! வண்டிலைக் கட்டு!"

நாலு வயல் தள்ளி நிண்ட ஆக்களுக்கும் அது கேட்டிருக்கும். வேறொரு நாள் எண்டா ஜெகதீஸ்வரி கிணத்துக்குள்ள குதிச்சிருப்பாள். அண்டைக்கு அவளுக்கு அது காதில விழவும் இல்லை. கை வயித்திலையே இருந்துது.

இளையதம்பி ஐயா ஒரு சொல்லும் ஏசேல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக் கிடந்தது. ஒரு கடிதத்தை எழுதி ஒட்டி, "இண்டைக்கே யாழ்ப்பாணம். அடுத்த கோச்சி," எண்டு அப்புத்துரையின்ர கையில குடுத்தார். கோச்சி புகை கக்கிக்கொண்டு ஆனையிறவு தாண்டேக்க ரெண்டு பக்கமும் உப்பும் தண்ணியும் வெயிலில கண்ணைக் குத்திச்சுது. எதிர் வாங்கில இருந்த ஒரு மனுசி, "எத்தினையாம் மாசம் பிள்ளை?" எண்டு கேட்டுது. ஜெகதீஸ்வரி வாய் திறக்கேல்லை. மாசத்தைச் சொல்லி வைச்சா அது இல்லாமப் போயிடும் எண்டு பயம்.

பெரியாசுபத்திரியில ஒரு நேர்ஸ், புனல் மாதிரி ஒரு மரக்குழலை வயித்தில ஊண்டிக் காதை வைச்சா. இடம் மாத்தினா. திரும்ப மாத்தினா. 

"இருக்கு," எண்டா நேர்ஸ். "அடிக்குது. சோர்ந்து கிடக்கு, காய்ச்சல்தானே. இனிச் சலம் எடுத்துத் தாரும்."

அரை மணித்தியாலம் இருந்து போத்தலில ஒரு விரல் உயரத்துக்கு வந்துது. அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கலங்கல். நேர்ஸ் அதைக் கண்ணாடிக் குழாயில விட்டு ஸ்பிரிட் விளக்கில காட்டினா. சூடேற ஏற முட்டை வெள்ளைக்கரு மாதிரித் திரைஞ்சு வந்துது. தன்ர உடம்பில இருந்து வந்தது அப்பிடித் திரையிறதை அவள் கண்ணெடுக்காமப் பாத்தாள்.

சலவழி வருத்தங்களுக்கு எண்டே சீமையில படிச்சு வந்தவர் டொக்டர் பரமலிங்கம். மெலிஞ்ச மனுசன், சத்தமாக் கதைக்கமாட்டார். நேர்ஸ் திரையை இழுத்து மறைச்ச பிறகுதான் கேள்வி கேட்டார். அந்தத் திரை ஒண்டுக்காகவே அவள் எல்லாத்தையும் சொன்னாள். எரிவு, ரத்தம், விடியமுன்னம் ஒருக்கா, இருண்டாப் பிறகு ஒருக்கா, தண்ணி குடியாதது, சீலையில செருகின குளிசை எல்லாம்.

அவர் ஆசுபத்திரி ரிக்கற்றின்ர பின்பக்கத்தில ரெண்டு அவரை விதை கீறினார். ஒவ்வொண்டில இருந்தும் ஒரு நூல் இறங்கி ஒரு பையில சேருது.

"வயல்காரிதானே? வாய்க்காலில மரக்குத்தி சிக்கினா என்ன நடக்கும்?"

"தண்ணி பின்னுக்குக் கட்டி நிக்கும்."

"கட்டி நிண்டா?"

"கட்டு உடைக்கும்," எண்டு சொல்லிப்போட்டுத் தானே பயந்து போனாள்.

"வலப்பக்கத்துப் பாதையில கல்லு ஒண்டு சிக்கியிருக்கவேணும். பின்னால சீழ் கட்டி நிக்குது. அதுதான் நடுக்கம். எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம், ஆனா பிள்ளைக்குக் கூடாது. சலம் போற வழியால லைற் போட்ட ஒரு குழாயை விட்டுப் பாத்து, அதுக்குள்ளால மெல்லிய இறப்பர்க் குழாயைக் கல்லுக்கு மேல ஏத்தினா சீழ் வடியும்."

"பிள்ளையைக் குத்துமோ?"

அவர் சிரிக்கேல்லை. பைக்குப் பின்னால இன்னொரு வட்டம் கீறினார். "இது பிள்ளையின்ர அறை. இது சலப்பை. நடுவில சுவர். நான் இந்தச் சுவரைத் தாண்டி அங்கால போறேல்லை."

"போன முறை பிள்ளை போனது குளிசையாலையோ ஐயா?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி. இதே காய்ச்சலாவும் இருந்திருக்கும். இந்த முறை இருக்கிறதைப் பாப்பம்."

கையெழுத்துப் போட அப்புத்துரையைக் கூப்பிட்டினம். அவன் பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். "ஆம்பிளை டொக்டர்..." எண்டு இழுத்தான். "பெண் டொக்டர் ஆரும்..."

"இஞ்சேருங்கோ," எண்டாள் ஜெகதீஸ்வரி.  "போடுங்கோ கையெழுத்தை."

அந்த அறையில வெள்ளைச் சீலையால காலை மூடிக் கட்டினவை. விறைக்கிற மருந்து பூசினவை. எண்டாலும் குழாய் போகேக்க அவள் சீலைத் தலைப்பைக் கடிச்சாள். சீலைக்கு அங்கால டொக்டரின்ர குரல் மட்டும் வந்துது. "இப்ப கொஞ்சம் தண்ணி விடுறன், முட்டும்... அசையாதையும்... இடப்பக்கம் நல்லா இருக்கு..." பேந்து கனநேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் அவளின்ர சீவியத்தில மெத்த நீளமான நேரம். பிள்ளை போச்சுது எண்டு நினைச்சாள். பிள்ளையைப் பிடிச்சுக்கொள்ளுற மாதிரி ரெண்டு கையாலையும் வயித்தைப் பொத்தினாள்.

"ஏறீட்டுது," எண்டார் டொக்டர்.

கட்டிலுக்குக் கீழ வைச்ச போத்தலில மோர் மாதிரி ஒண்டு சொட்டுச் சொட்டா விழுந்துது. பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பொத்தினாள். ஊசியும் போட்டினம், சல்பாக் குளிசையும், சலத்தின்ர காரத்தைக் குறைக்கிற ஒரு உப்புமருந்தும் குடுத்தினம். அடுத்த நாள் விடியப் போத்தலில தெளிவான சலம். காய்ச்சல் இல்லை. அவள் தேத்தண்ணி குடிக்கேக்க பிள்ளை ஒரு உதை விட்டுது. பேணி கையில இருந்து விழப் பாத்துது.

இறப்பர்க் குழாயைக் கழட்டின பிறகும் ஒவ்வொரு முறையும் சலத்தைத் துணியில வடிச்சுத்தான் ஊத்தினவை. நாலாம் நாள் துணியில ஒரு கல்லு தங்கிச்சுது. பயறில பாதி வராது. "இதுவோ என்னைக் கொல்லப் பாத்தது?" எண்டு அவள் கேட்டாள். நேர்ஸ் அதைக் கடதாசியில சுத்தி டொக்டருக்குக் கொண்டு போனா.

வீட்டுக்கு விடேக்க டொக்டர் சொன்னார். "நாளுக்கு ஒரு பெரிய செம்பால எட்டுச் செம்பு தண்ணி. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சலம் போகவேணும். வந்தாலும் வராட்டிலும். அடக்கினாத் திரும்ப வரும்."

"எங்க போறது ஐயா? வேலி இல்லை."

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நான் சலப்பை பாப்பன் தங்கச்சி. எனக்கு வேலி அடைக்கத் தெரியாது," எண்டு சொல்லி அப்புத்துரையைப் பாத்தார். அவன் நிலத்தில எறும்பு தேடினான்.

அந்தக் கிழமையே சுழிபுரத்தில இருந்து லொறியில ஓலை வந்திட்டுது. வீட்டுப் பின்பக்கம் அடைப்பு எழும்பிச்சுது. வயலுக்கு ஆர் வேலி அடைக்கிறது? இனிக் களை பிடுங்க வேண்டாம் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். வயலுக்குச் சோறு கொண்டு போய் வாறதெண்டாலும் ரெண்டு மணித்தியாலம் ஆகுதே. முதல் நாள் பெண்டுகளின்ர வட்டத்துக்குள்ள குந்தினவளுக்கு வரேல்லை. வெக்கம் உள்ளுக்க பிடிச்சு வைச்சிருந்துது.

"எடியே, டொக்டர் கேட்டா வந்தது நான் கேட்டா வராதோ?" எண்டு கமலாசனி முதுகைக் காட்டிக்கொண்டே கத்தினா. "கெதியா விடு, எனக்குக் கை உளையுது!" சிரிப்போட சிரிப்பா வந்திட்டுது.

பயம் மட்டும் போகேல்லை. கிழமைக்கு ஒருக்கா இளையதம்பி ஐயாவிட்டப் போத்தல் கொண்டு போவாள். இப்ப அவர் கேக்க முன்னமே சொல்லுவாள், வாங்கில ஆர் இருந்தாலும். அவர் விளக்கில குழாயைக் காட்டேக்க அவள் கதிரையின்ர விளிம்பில இருந்து, திரையுதோ திரையுதோ எண்டு பாத்துக்கொண்டு இருப்பாள். கலங்காம நிண்டாத்தான் மூச்சு வரும். ஒருக்காக் கொஞ்சம் கலங்கிச்சுது. திரும்பச் சல்பா குடுத்தவர். அந்தக் கிழமை முழுக்க அவள் நித்திரை கொள்ளேல்லை.

புரட்டாசியில, நாள் முடிய மூண்டு கிழமை இருக்க, கிளிநொச்சி ஆசுபத்திரியில பெட்டைக் குஞ்சு பிறந்துது. நாலரை றாத்தல். விரல் ஒவ்வொண்டும் பயத்தங்காய் நுனியளவு. கொட்டாவி விட்டா முகம் முழுக்க வாய்தான். அப்புத்துரை அதைத் தூக்கப் பயந்து, தோளில போட்டிருந்த துவாயை மட்டும் ரெண்டு தரம் மடிச்சான்.

எல்லாரும் சந்தோசப்படேக்க ஜெகதீஸ்வரி பிள்ளையின்ர இடுப்புத் துணியைத் தடவிப் பாத்துக்கொண்டு இருந்தாள். காய்ஞ்ச துணி. மத்தியானமும் காய்ஞ்ச துணி. பொழுதுபடவும் காய்ஞ்ச துணி. தன்ர பழுது பிள்ளைக்கும் போயிருக்கும், தான் அடக்கினது இதுக்கும் அடைச்சுப்போட்டுது எண்டு அவளுக்குள்ள ஒரு எண்ணம் ஏறி இருந்திட்டுது.

"நேர்ஸ், பிள்ளை சலம் போகேல்லை."

"போகும் பிள்ளை. ஒரு நாள் பொறுக்கலாம்."

"எத்தினை மணி மட்டும் பொறுக்கலாம்?"

"உமக்கு முதலாம் பிள்ளையோ? சும்மா கிடவும்."

முதலாம் பிள்ளை இல்லை எண்டு சொல்ல வாய் வந்துது. சொல்லேல்லை. பால் குடுத்தாள், துணியைத் தொட்டாள். பால் குடுத்தாள், துணியைத் தொட்டாள்.

அடுத்த நாள் காலமை வெயில் யன்னலால கட்டிலுக்கு வரேக்க, பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தவளுக்குத் தொடையில ஒரு சூடு பரவிச்சுது. அசையேல்லை. தன்ர வேர்வையா இருக்கும், பாலா இருக்கும், தான் ஆசைப்பட்டு நினைக்கிறதா இருக்கும். கையை வைச்சுப் பாக்கவும் பயம்.

"அக்கா," எண்டு பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டாள். "இஞ்ச ஒருக்கா வந்து தொட்டுப் பாருங்கோ. இது என்ன?"

அந்த மனுசி எழும்பி வந்து துணியைப் பிழிஞ்சு, வெயிலில பிடிச்சு, மூக்குக்கிட்டக் கொண்டு போச்சுது.

"வேற என்ன, சலம்தான். நல்ல தெளிஞ்ச சலம். பிள்ளைக்குத் துணியை மாத்து, குளிரப்போகுது."

ஜெகதீஸ்வரி மாத்தேல்லை. அப்பிடியே நனைஞ்ச மடியோட இருந்து, அடுப்படியில குந்தின நாளில இருந்து வராமக் கிடந்த அழுகையை அப்பதான் அழுதாள்.